கொமிஷனர் யார் என்று உங்கள் ஒழுங்கைக்குத் தெரியுமா? மாநகர சபை நிர்வாகத்தின் பெறுமதியை அயலாருக்கு விளங்கப்படுத்த ஒரு கைவழி

உங்கள் ஒழுங்கையிலோ பிளட்டிலோ அடுத்த முறை நாலு பேர் கூடும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். கொழும்பு மேயர் யார்? எல்லோருக்கும் தெரியும். உங்கள் வட்டார மெம்பர் யார்? பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் கட்சியின் பெயரையாவது சொல்வார்கள். சரி, சபையின் தலைமை அதிகாரியான மாநகர ஆணையாளர், அதாவது கொமிஷனர், யார்? உங்கள் வாசலில் ஓடும் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு, பொறுப்பான பொறியியலாளர் எந்த ஒபிசில் இருக்கிறார்? கொட்டாஞ்சேனையில் எங்கள் நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஒருவர் மட்டும் வாய் திறந்தார்: "கச்சேரியிலயா?" (கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம், மாநகர சபை இல்லை.)

நான் மாநகர சபை ஊழியன் இல்லை. அங்கே எனக்கு ஆளும் இல்லை. கூட்டக் குறிப்புப் புத்தகத்தை வேறு யாரும் வாங்க மாட்டேன் என்றதால் ஆறு வருடமாகச் சங்கச் செயலாளராக இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆறு வருடத்தில் ஒன்று தெளிவாகிவிட்டது. படித்துப் பயிற்சி எடுத்த ஆட்கள் ஒரு நகரத்தை நடத்துகிறார்கள் என்பதே நம் ஆட்களில் பெரும்பாலானோருக்குக் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. கான் நிரம்பாது, காய்ச்சல் பரவாது, வாசலில் நாற்றம் இருக்காது. நடக்காத ஒன்றை மக்களுக்கு எப்படிக் காட்டுவது? நான் முயன்று பார்த்து, சிலதில் சறுக்கி, சிலதில் பிடித்துக்கொண்ட வழிகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு வருடக் கதையைச் சொல்லுங்கள்

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இதில் தொடங்குங்கள், கைவசம் இருப்பதில் இதுதான் நல்ல கதை. 2023 மார்ச் 19ஆம் திகதியோடு நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்க இருந்த தேர்தல் நடக்கவில்லை. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். கொழும்புக்குப் புது மேயர் வந்தது ஜூனில். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் மேயரும் இல்லை, மெம்பர்மாரும் இல்லை. சபையின் அதிகாரங்களை ஆணையாளர் கையில் வைத்து நகரத்தை நடத்தினார்.

இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தக் காலத்தில் குப்பை லொறி நின்றுபோனதா? 110க்கு அடித்தால் தீயணைப்பு வண்டி வராமல் இருந்ததா? கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்க மிட்வைஃப் மிஸ் வராமல் விட்டாரா? பொரளைக் கனத்தையில் அடக்கம் நின்றதா? ஒவ்வொருவரும் யோசிப்பார்கள். பலருக்கு அப்படி ஒரு இடைவெளி இருந்ததே ஞாபகம் இருக்காது, அதுதான் உங்களுக்கு வேண்டிய பதில்.

ஆனால் கவனம், இதில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி உடனே எழும்பி, "அப்ப மெம்பர்மார் இல்லாமலே எல்லாம் ஓடுது, பிறகு ஏன் தேர்தல், ஏன் இந்தச் செலவு?" என்று கேட்டுவிட்டார், அரைவாசிப் பேர் தலையாட்டியும்விட்டார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை, அதற்கு நேர் எதிர். அந்த இரண்டு வருடத்தில் லொறி ஓடியது, ஆனால் லொறி எந்தப் பாதையில் ஓட வேண்டும், வருகிற வருடக் காசை நடைபாதைக்குப் போடுவதா மலசலகூடத்துக்குப் போடுவதா என்று நமக்காகச் சபையில் எழும்பிக் கேட்க ஒருவரும் இல்லை. இப்போது 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று சொல்வது அவர்கள் வேலை. அதைச் சரிவும் அளவும் கணக்கும் பிசகாமல் செய்து முடிப்பது படித்த உத்தியோகத்தரின் வேலை. நம் சட்டப்படி ஆணையாளர் மேயரின் பணிப்புக்குக் கீழேதான் வேலை செய்கிறார். ஒரு கூட்டத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினாலே போதும், மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.

(இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் டேட்டன் என்ற நகரம் 1913 மார்ச்சில் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே சம்பளத்துக்கு ஒரு முகாமையாளரை நியமித்து நகர நிர்வாகத்தை அவரிடம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். அந்த முறைக்கு மாறிய முதல் பெரிய நகரம் அதுதான். வெள்ளம் வந்தால்தான் புத்தி வரும் என்பது எல்லா ஊருக்கும் பொது போல.)

யார் வேலை எது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

நம் ஆட்கள் மாநகர சபையைத் திட்டுவதில் கணிசமான பங்கு மாநகர சபையின் வேலையே இல்லாத விடயங்களுக்குத்தான். நானும் விலக்கில்லை. ஒருமுறை குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுங்கை முழுக்க ஓட, நான் நேராக டவுன் ஹோலுக்குப் போய், வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அது தண்ணிச் சபைக்குச் சொல்லோணும், 1939க்கு அடிங்கோ" என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். வெட்கமாகப் போய்விட்டது.

அந்தத் துண்டிலிருந்துதான் எங்கள் தாள் பிறந்தது. குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 1939. மின்வெட்டு என்றால் 1987. காலி வீதி மாதிரிப் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபை. வதிவிடச் சான்றிதழ் கிராம உத்தியோகத்தர், அவர் பிரதேச செயலகத்துக்குக் கீழே வருபவர். மாநகர சபையின் கையில் இருப்பவை உள் ஒழுங்கைகள், அவற்றின் கான்கள், தெருவிளக்கு, குப்பை, கழிவுநீர்க் குழாய், சந்தை, மயானம், தாய்சேய் சிகிச்சை நிலையங்கள், சாப்பாட்டுக் கடைப் பரிசோதனை, தீயணைப்பு, பொது நூலகம். இதைப் பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் எழுதிப் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டினோம். இன்றுவரை எங்கள் சங்கம் செய்த மிகப் பிரயோசனமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன், செலவு 180 ரூபாய்.

தாளின் அடியில் இன்னொரு வரியும் போடுங்கள்: உங்கள் இடம் எந்த மாவட்டப் பொறியியலாளர் ஒபிசுக்குக் கீழே வருகிறது என்பது. கொழும்பு மாநகர சபை நகரத்தை 1, 2ஏ, 2பி, 3, 4, 5 என்று ஆறாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. டவுன் ஹோலின் வெள்ளைத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அந்தச் சின்ன ஒபிசுக்குப் போனால் வேலை கெதியாக நடக்கும்.

ஒரு கானைப் பிடியுங்கள், ஒன்றே ஒன்றை

நல்லாட்சி, வெளிப்படைத்தன்மை, வினைத்திறன் என்று பேச ஆரம்பித்தால் அன்ரிமார் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். பெரிய சொல்லை விட்டுவிட்டு எல்லோரும் தினமும் கடக்கிற ஒரு பொருளைப் பிடியுங்கள். எங்களுக்கு அது ஒரு கான்.

வைகாசி மழையில் எங்கள் ஒழுங்கையின் மேல் முனையில் தண்ணீர் தேங்கி மூன்று கிழமை வற்றவில்லை. "முனிசிபல் தூங்குது" என்று வட்ஸ்அப் குழுவில் ஒரே சத்தம். நான் தமிழில் ஒரு கடிதம் எழுதி மாவட்டப் பொறியியலாளர் ஒபிசில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வந்தேன். நாலாம் நாள் காலை ஆறரைக்கு ஓவர்சியர் ஒருவரும் மூன்று தொழிலாளரும் வந்தார்கள். தண்ணீர் நிற்கிற இடத்தைக் காட்டினோம். அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் ஒழுங்கையின் கீழ் முனைக்கு நடந்தார். அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மூடியாக அலவாங்கால் நெம்பித் தூக்கி, கோடு கீறிய மூங்கில் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, மூடிவிட்டு, அடுத்ததுக்குப் போனார். ஐந்தாவது மூடி வரைக்கும் காய்ந்து கிடந்தது. ஆறாவதில் மூங்கில் முழங்கை அளவு நனைந்து வந்தது. "ரெண்டுக்கும் நடுவில" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

உடைத்துப் பார்த்தால் ஒரு சாண் தடிப்பில் சீமெந்து. புது மாடி கட்டுகிற ஒரு வீட்டில் கலவை வாளிகளை நாள்தோறும் கானில் கழுவி ஊற்றியிருக்கிறார்கள், அது உள்ளே போய்க் கல்லாகிவிட்டது. இரண்டு மணித்தியாலம் சுத்தியலால் அடித்து எடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில் மிக அதிகமாகச் சத்தம் போட்டவர்களில் ஒருவர் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன், பெயர் வேண்டாம், அன்றைக்கு அவர்தான் எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்தார்.

போகும்போது அந்த ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டுப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொஞ்சம் விரித்துக் காட்டி, சிங்களம் கலந்த தமிழில், "இந்தக் கானுக்கு முனையிலிருந்து முனைக்கு இவ்வளவுதான் தம்பி பள்ளம், ஒரு சொப்பிங் பேக் போதும் மறிக்க" என்றார். கானுக்குச் சரிவு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரோ அளந்து போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதை வைத்து என்ன செய்தேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அடுத்த கூட்டத்தில் ஒழுங்கையை ஒரு சார்ட் பேப்பரில் கீறி, கான் மூடிகளை வட்டமாகப் போட்டு, தண்ணீர் நின்ற இடத்தை நீலத்தில் தீட்டி, "அடைப்பு எங்கே இருந்திருக்கும், ஆளுக்கொரு பொட்டு வையுங்கோ" என்று பேனையைக் கொடுத்தேன். எல்லாப் பொட்டும் நீலத்துக்குள்ளேயே விழுந்தன. பிறகு நான் உண்மையான இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்தேன், பத்து வீடு தள்ளி. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. அனுபவமும் பயிற்சியும் என்றால் என்ன என்று அந்த ஒரு தாள் காட்டியதை ஒரு மணித்தியாலப் பேச்சாலும் காட்டியிருக்க முடியாது.

நீங்களும் இப்படி ஒன்றைத் தேடுங்கள். கான் இல்லாவிட்டால் டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம் ஞாபகம் இருக்கும். பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து மொட்டைமாடித் தாங்கியை எட்டிப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது, அபராதம் போடத்தான் வந்தார் என்று. அடுத்த முறை அவரோடு கூடவே ஏறுங்கள். எங்கே முதலில் பார்க்கிறார், ஏன் பூச்சாடித் தட்டைத் தூக்குகிறார், பீலியில் ஏன் கை விடுகிறார் என்று கேளுங்கள், நேரம் இருந்தால் சொல்லுவார். வேலைக்குக் குறுக்கே நிற்காதீர்கள், முகத்தைப் படம் எடுக்காதீர்கள், மூடி, தாங்கி, கை இவை போதும். படத்தில் திகதி இருக்க வேண்டும். முந்தியும் பிந்தியும் எடுத்த இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அடிக்குறிப்பே தேவையில்லை.

ஆடிவேல் இன்னொரு நல்ல உதாரணம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேர் போன பிறகு வீதியில் கிடக்கிற இலை, தேங்காய்ச் சிரட்டை, கோப்பை எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அதே வீதியில் வேலைக்குப் போகிறவருக்கு அது எதுவும் தெரிவதில்லை. அந்த இரவு எத்தனை பேர், எத்தனை லொறி, யார் அட்டவணை போட்டது என்று கேட்டுப் பார்த்தால் ஒரு முழுக் கூட்டத்துக்குக் கதை கிடைக்கும்.

காசைப் பற்றிக் கதைக்கக் கூச்சப்படாதீர்கள்

ஆதன வரி, பழைய ஆட்கள் சொல்கிற சோலை வரி, இது வந்தால் முகம் சுளிக்காத வீட்டுக்காரர் கொழும்பில் இல்லை. ஆனால் நிர்வாகத்தின் பெறுமதியை விளங்கப்படுத்த இதைவிட நல்ல கதவும் இல்லை. ஏனென்றால் காசு கொடுத்தவனுக்குத்தான் கேட்க மனம் வரும்.

நடைமுறையாகத் தொடங்குங்கள். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டாகக் கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். எங்கள் பிளட்டில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இதைச் சொன்னவுடன் உங்கள் பேச்சுக்கு ஒரு மரியாதை வரும், அந்த மரியாதையோடு அடுத்ததைச் சொல்லலாம்: அந்தக் காசு போகிற வழி ஒரு புத்தகத்தில் இருக்கிறது, அதன் பெயர் வரவுசெலவுத் திட்டம், வருட முடிவில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். முழுதாக வாசிக்கத் தேவையில்லை. உங்கள் வட்டாரத்தின் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள்.

வரவில்லையா? அல்லது வந்தும் வேலை நடக்கவில்லையா? அங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். விண்ணப்பத்தைத் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுத வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் இல்லாவிட்டாலோ அங்கேயே மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் உரிமை ஆணைக்குழு. கேள்வியைச் சின்னதாக வையுங்கள். "கடந்த மூன்று வருடத்தில் இந்த ஒழுங்கையின் கானைத் துப்புரவு செய்த திகதிகள்" என்பது நல்ல கேள்வி. "கொழும்பில் நடக்கும் ஊழல் பற்றிய விபரங்கள்" என்பது கேள்வி இல்லை, பெருமூச்சு.

ஒன்று கவனித்தேன். தகவல் உரிமை விண்ணப்பத்தை எல்லோரும் அதிகாரியைப் பிடிக்கிற தூண்டிலாகவே நினைக்கிறார்கள். எங்களுக்கு வந்த பதிலில் திகதிகள் வரிசையாக இருந்தன, நாங்கள் நினைத்ததைவிட அதிகம். அதைக் கூட்டத்தில் வாசித்தோம். வேலை நடந்திருக்கிறது என்று பதிவே சொல்லும்போது அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. நல்ல உத்தியோகத்தருக்குப் பதிவேடு எதிரி இல்லை, அவருடைய சாட்சி அதுதான்.

குப்பை மலையைச் சொல்லாமல் விடாதீர்கள்

நிர்வாகம் சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது என்றேன். சரியாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொழும்புக்கு வெளியே உதாரணம் தேடத் தேவையில்லை. வடகொழும்புக்காரருக்குப் புளுமெண்டல் குப்பை மேட்டின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும். அதற்குப் பிறகு நகரத்தின் குப்பை கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லைக்குப் போனது, மலையானது, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் சரிந்து 32 பேரை எடுத்தது. நாம் பலகாரத்தட்டு கொண்டு அயல்வீட்டுக்குப் போன நாள் அது. நாம் வீசியதும் அந்த மலையில் இருந்தது.

குப்பை எங்கே போக வேண்டும் என்பது நிலம், கழிவுநீர், வாயு, பாரம் எல்லாம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய கேள்வி. அதை ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போட்டால் கேள்வி காணாமல் போகாது, உயர்ந்துகொண்டே போகும். பிறகுதான் கெரவலப்பிட்டிப் பக்கம் கவனம் திரும்பியது. 2021இல் அங்கே குப்பையை எரித்து 10 மெகாவொட் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பாதையை வரைபடத்தில் காட்டுங்கள்: உங்கள் வாளி, தள்ளுவண்டி, லொறி, கெரவலப்பிட்டி. பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் வீட்டில் போய் வாழைத்தோலையும் பிளாஸ்ரிக்கையும் பிரிக்கச் சண்டை பிடிப்பார்கள்.

பழைய கதை பிடித்தவர்கள் இருந்தால் இன்னும் பின்னால் போகலாம். கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. 1914இல் துறைமுகத்து வழியாகப் பிளேக் வந்தபோது எலியையும் நெருக்கடி வீடுகளையும் காற்றோட்டத்தையும் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் நகரத்தின் சுகாதாரப் பிரிவுக்கு வந்தது. 1921இல் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் கொழும்புக்கு ஒரு நகரத் திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆனால் இதை ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், தேநீர் ஆறிவிடும்.

பொன்னாடை வேண்டாம்

இது நான் விட்ட பிழை, ஆகவே கொஞ்சம் விரிவாக. அந்தக் கான் வேலை முடிந்த உற்சாகத்தில் ஓவர்சியரின் படத்தோடு பெயரையும் போட்டு "இப்படிப்பட்டவர்கள்தான் நமக்குத் தேவை" என்று பேஸ்புக்கில் எழுதினேன். நூறு லைக். கீழே இருபதாவது கருத்தில் ஒருவர், "உங்கட ஒழுங்கைக்கு மட்டும் எப்படி நாலு நாளில வந்தவர்? எவ்வளவு குடுத்தீங்கள்?" என்று கேட்டார். அதற்கடுத்தவர் அவர் எந்தக் கட்சி என்று கேட்டார். இரவுக்குள் அந்த மனிதர் ஏதோ குற்றம் செய்தவர் போல ஆகிவிட்டது. அழித்துவிட்டேன். அரச உத்தியோகத்தருக்கு ஊடகத்தில் பேசுவதற்கும் தோன்றுவதற்கும் அவர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையில் கட்டுப்பாடு இருக்கிறது, நம் ஆர்வக்கோளாறால் அவர்தான் விளக்கம் எழுத வேண்டி வரும் என்பதைப் பிறகுதான் ஒருவர் சொன்னார்.

அதனால் ஆளைப் புகழாதீர்கள், வேலையைக் காட்டுங்கள். ஆளைப் பாராட்ட ஆசை என்றால் அதற்குச் சரியான இடம் ஒரு கடிதம்: என்ன முறைப்பாடு, எந்தத் திகதி, எத்தனை நாளில் என்ன செய்யப்பட்டது என்று நாலு வரியில் திணைக்களத் தலைவருக்கு எழுதி, ஆணையாளருக்கு ஒரு பிரதி. அது கோப்பில் போய்ச் சேரும். நம் சங்கங்களுக்குப் பொன்னாடை போர்த்தாமல் கை அரிக்கும், தெரியும். போர்த்தினால் மேடையில் அரசியல்வாதி வருவார், அவரோடு மாலை வரும், கடைசியில் கானைத் திறந்தது அவர்தான் என்று பெனர் தொங்கும். காசோ சாப்பாட்டுப் பார்சலோ கொடுக்கிற பழக்கமும் வேண்டாம், பிளேன்ரீயோடு நிறுத்துங்கள்.

கேட்பார்கள், பதிலோடு போங்கள்

"எல்லாம் லஞ்சம்" என்பார்கள். இல்லை என்று மறுக்கப் போகாதீர்கள், நம்பிக்கை போய்விடும். லஞ்சம் கேட்டால் 1954, அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம், இதையும் படிக்கட்டுத் தாளில் போடுங்கள். கூடவே, தகுதியும் பதிவும் ஒழுங்குமுறையும் உள்ள நிர்வாகம்தான் லஞ்சத்துக்கு இடம் குறைக்கும், "ஆளைத் தெரிஞ்சால் நடக்கும்" என்கிற முறை இல்லை என்று சொல்லுங்கள். நாமே ஒவ்வொரு வேலைக்கும் மெம்பரிடம் ஓடி ஒரு கோல் எடுக்கச் சொல்வதும் அந்த முறையைத்தான் வளர்க்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"அங்க போனால் சிங்களத்தில மட்டும்தான் கதைப்பினம்" என்பார்கள். இது வெறும் புலம்பல் இல்லை, உண்மையான தடை. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயப்படி நமக்குத் தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை இருக்கிறது. நான் எல்லாக் கடிதமும் தமிழில்தான் கொடுக்கிறேன். சில நேரம் பதில் தாமதமாகும், ஒருமுறை சிங்களத்தில் வந்தது, தமிழ்ப் பிரதி கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன், வந்தது. தமிழ்க் கடிதமே வராத ஒபிசுக்குத் தமிழ் தெரிந்த ஆள் தேவை என்று யாருக்கும் எப்படித் தெரியும்?

அதோடு ஒட்டிய இன்னொன்று. நம் பிள்ளைகள் அந்த வேலைகளுக்கு விண்ணப்பிப்பதே அபூர்வம். பொறியியல் படித்தால் அவுஸ்திரேலியா, கணக்கியல் படித்தால் கனடா. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை களுத்துறையில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தில் பயிற்சி எடுத்துப் பி.எச்.ஐ. ஆகலாம் என்பது எங்கள் ஒழுங்கையில் எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. உள்ளூராட்சி உத்தியோகத்தருக்குப் பயிற்சி கொடுக்கவே 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் இலங்கை உள்ளூராட்சி நிறுவகம் என்று ஒன்று அமைத்தார்கள், அதுவும் தெரியாது. வர்த்தமானியில் வெற்றிடம் வந்தால் குழுவில் போடுங்கள். திருமண விளம்பரம் போடுகிற வேகத்தில் போட்டால் போதும்.

கூட்டத்தை எப்போது வைப்பது என்று கேட்டால், ஜனவரி இரண்டாம் கிழமை. வரிச்சீட்டு எல்லோர் கையிலும் இருக்கும், 31க்கு முன் கட்ட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். மைக் வேண்டாம், சார்ட் பேப்பரும் சிவப்புப் பேனையும் இருந்தால் சரி. போன முறை முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடி அன்ரி, கூட்டம் முழுக்க வாயே திறக்காதவர், சார்ட்டுக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கட வாசலடி மூடியை நீர் கீறேல்லை, அது பத்து வருசமா ஆடுது, காலையில ஒவ்வொரு ஓட்டோ போகேக்கையும் டங்குடங்கு எண்டு சத்தம்" என்றார். அந்த மூடிக்கான கடிதத்தை அவரே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும்.